மூன்று ஞாயிறு வராதவர்

எங்கள் சைக்கிள் கிளப்பில் ஆறு வருடமாக இருக்கிறேன், அதில் கடைசி மூன்று வருடம் செயலாளர். ஆபீஸ் கிடையாது, சம்பளம் வாங்குகிறவர் ஒருவரும் கிடையாது. 1975 சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்த சங்கம் என்பதால் ஒரு பேங்க் கணக்கும் ஒரு மினிட்ஸ் நோட்டும் வருடத்துக்கு ஒரு பொதுக்குழுவும் உண்டு. ஞாயிறு காலை 5:15-க்குத் திருவான்மியூரில் கூடுவோம், ஈ.சி.ஆர். வழியாக மாமல்லபுரம் போய்த் திரும்புவோம், போக வரக் கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு ஞாயிறு தூக்கத்தையும் விட்டுக்கொடுத்து வருகிறவர்கள்தான் இதை நடத்துகிறார்கள். இப்படி ஒரு கிளப்பை ஆரம்பிக்கும்போது எந்த ரூட், எத்தனை மணி, ஜெர்சி என்ன கலர் என்றெல்லாம் பேசுவோமே தவிர, நமக்குள் மனஸ்தாபம் வந்தால் யாரிடம் சொல்வது, ஒருவர் ஒடிந்துபோனால் யார் கவனிப்பது என்று யாரும் பேசுவதில்லை. நாங்களும் பேசவில்லை. இரண்டு வருடம் முன்பு ஒரு டிசம்பர் ஞாயிற்றுக்கிழமைதான் பேச வைத்தது.

ஈ.சி.ஆரில் ஓட்டுகிறவர்களுக்கு டிசம்பர் காற்று தெரியும். வடகிழக்குக் காற்று, போகும்போது முதுகில் தள்ளும். புதிதாக வந்தவர்கள்கூட 30-க்கு மேல் வேகம் காட்டும் மீட்டரைப் பார்த்துச் சந்தோஷமாக மாமல்லபுரம் வந்துவிடுவார்கள். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும். முன்னால் போகிறவர் சக்கரத்தை ஒட்டிப் போனால் பிழைத்துக்கொள்ளலாம், ஒரு பத்தடி விட்டுவிட்டால் தனியாகக் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். அன்று 26 பேர் கிளம்பினோம். திரும்பும் வழியில் கூட்டம் மூன்று நான்கு துண்டாகச் சிதறிவிட்டது. நாலாவது முறையாக எங்களோடு வந்த ஒரு பெண், ஹைப்ரிட் சைக்கிள், நெம்மேலி கடல்நீர் ஆலை தாண்டிப் பின்சக்கரம் பங்க்சர். கையில் ட்யூப் இருந்தது, பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பழக்கமில்லை. கடைசி ஆளாக வர வேண்டிய ஸ்வீப் அவருக்குப் பின்னால்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் மாமல்லபுரத்தில் டீ குடிக்கும்போதே ஸ்வீப்புக்கு வீட்டிலிருந்து போன், குழந்தைக்குக் காய்ச்சல் என்று. அவர் முதல் ஆளாகக் கிளம்பிவிட்டார், பக்கத்தில் நின்ற ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனார், அந்த ஒருவர் வேறு யாரிடமும் சொல்லவில்லை.

அந்தப் பெண் ரைடு லீடருக்கு நாலு முறை கூப்பிட்டிருக்கிறார். போன் ஜெர்சியின் பின்பாக்கெட்டில், காற்றுச் சத்தத்தில் கேட்கவில்லை. எனக்கும் கூப்பிட்டிருக்கிறார், எனக்கும் அதே கதைதான். சாலையோரம் இளநீர் விற்கும் அம்மா ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்திருக்கிறார். ஒரு மணி நேரம் கழித்து அந்த அம்மாவின் மகன் ஒரு குட்டி யானையை நிறுத்தி, சைக்கிளை ஏற்றி அனுப்பியிருக்கிறார். அதற்குக் கொஞ்சம் முன்னால், அவர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போதே, எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ வந்துவிட்டது. திருவான்மியூரில் எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறோம். கீழே ‘நல்ல ரைடு, எல்லோரும் பத்திரமாக வந்து சேர்ந்தாச்சு’ என்று எழுதியது நான்தான். எண்ணிப் பார்க்காமல் எழுதினேன். அவர் பதிலுக்கு ஒரே வரி போட்டார்: ‘நான் இன்னும் நெம்மேலியில்தான் இருக்கிறேன்.’

அன்று ராத்திரிக்குள் குரூப்பில் நூற்றுக்கும் மேலான மெசேஜ். லீடர் எழுதியதுதான் எல்லோரையும் கொதிக்க வைத்தது: ‘பங்க்சர் பார்க்கத் தெரியாதவங்க எதுக்கு 90 கிலோமீட்டர் வரணும்?’ கோபத்தில் எழுதியதுதான், ஆனாலும் அதற்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. அவர் பி.ஆர்.எம். என்கிற, குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ரைடுகள் ஓட்டுகிறவர், 200, 300, 400, 600 கிலோமீட்டர் நாலையும் ஒரே சீசனில் முடித்து எஸ்.ஆர். (சூப்பர் ராண்டனூர்) பட்டம் வாங்கியவர். அந்த உலகத்தின் முதல் விதியே உன் சைக்கிளுக்கும் உன் சாப்பாட்டுக்கும் உன் தூக்கத்துக்கும் நீயே பொறுப்பு என்பது. வழியில் வண்டி வைத்துக்கொண்டு உதவிக்கு ஆள் வந்தால் தகுதி போய்விடும், வழியில் நேரம் பதியும் கன்ட்ரோல் இடங்களில் மட்டும்தான் வெளி உதவி. அப்படிப் பழகியவருக்கு, ட்யூப் மாற்றத் தெரியாமல் ஒருவர் வருவது பொறுப்பில்லாத காரியமாகத்தான் படும். நான் அவரிடம் அப்போது சொல்லத் தவறியது, அதே பி.ஆர்.எம்.மில் 200 கிலோமீட்டருக்கு பதின்மூன்றரை மணி நேரம் கொடுக்கிறார்கள், முதலில் வந்தவருக்கும் கடைசி நிமிடத்தில் வந்தவருக்கும் ஒரே மரியாதை, யார் எத்தனையாவது என்ற வரிசையே கிடையாது என்பதை. மெதுவாக வருகிறவருக்கும் அங்கே இடம் இருக்கிறது, எத்தனை மணி வரை என்று முன்கூட்டியே சொல்லியும் விடுகிறார்கள். எங்கள் ஞாயிறு ரைடில் அந்தச் சொல்லிவைக்கும் பாதியும் இல்லை. ‘யாரையும் விட்டுவிட்டுப் போக மாட்டோம்’ என்று போஸ்டரில் போட்டு ஆள் சேர்த்துவிட்டு, ரோட்டில் பி.ஆர்.எம். விதியை எதிர்பார்த்தோம்.

இதையெல்லாம் யோசிக்காமல் ராத்திரி பதினொன்றரை மணிக்கு நான் குரூப்பில் நீளமாக ஒரு தீர்ப்பு எழுதினேன். யார் மேல் என்ன தப்பு, யார் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வரிசையாக. இரண்டு பேரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை, ஸ்வீப் ஏன் முன்னால் போனார் என்பதுகூட அப்போது எனக்குத் தெரியாது. காலையில் பார்த்தால் லீடர் குரூப்பை விட்டுப் போயிருந்தார், அவரோடு இன்னும் மூன்று பேர். அந்தப் பெண் போகவில்லை, ஆனால் அதற்கப்புறம் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. யாரோ நடுவில் பழைய ஜெர்சிக் கணக்கை வேறு இழுத்துவிட்டிருந்தார்கள். (அதை முடிப்பது சுலபமாக இருந்தது. பில்லையும் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் அப்படியே எல்லோருக்கும் அனுப்பினோம், ஒரே நாளில் அடங்கியது. பணச் சண்டையில் பாதி கணக்கைக் காட்டாததால் வருவது.)

அந்த வாரம் புதன்கிழமை லீடருக்குப் போன் பண்ணி, டீ குடிக்கலாம் வாருங்கள் என்றேன். அவர் வீட்டுப் பக்கத்துக் கடைக்கு நான்தான் போனேன். முதல் பத்து நிமிடம் பங்க்சர் பற்றியே பேசினார். நான் எதற்கும் பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன், அது எனக்குச் சுலபமாக இல்லை. அப்புறம் மெதுவாக வேறு விஷயம் வந்தது. இருபத்திரண்டு மாதமாக ஒரு ஞாயிறுகூட விடாமல் லீட் பண்ணியிருக்கிறார். அப்பாவுக்கு வாரம் மூன்று டயாலிசிஸ். ஞாயிறு ஒன்பதரைக்குள் வீட்டுக்குப் போனால்தான் அம்மா கோயிலுக்குப் போய்வர முடியும், அதனால்தான் ஒவ்வொரு வாரமும் திரும்பும்போது அப்படி ஓட்டியிருக்கிறார். நாங்கள் அவர் வேகத்துக்குத் திமிர் என்று பெயர் வைத்திருந்தோம். ‘ஏன் அண்ணா சொல்லவே இல்லை’ என்று கேட்டேன். ‘யாரும் கேக்கலையே சார்’ என்றார்.

அவர் எழுதியது தப்புதான், அதை அவரும் ஒத்துக்கொண்டார். ஆனால் ஒருவரை இருபத்திரண்டு மாதம் ஓய்வே இல்லாமல் முன்னால் நிறுத்தி வைத்திருந்தது எங்கள் தப்பு. தன்னார்வமாக ஒருவர் செய்கிறார் என்றால் அவர் வேண்டாம் என்று சொல்லும்வரை செய்வார் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். பொறுப்பை இழுத்துப் போட்டுக்கொள்கிற ஆட்களோ வேண்டாம் என்று வாயைத் திறந்து சொல்லவே மாட்டார்கள். ஒரு நாள் வெடிப்பார்கள், இல்லையென்றால் சத்தமில்லாமல் சைக்கிளை விற்றுவிடுவார்கள். இப்போது எங்களிடம் ஏழு பேர் லீட் பண்ணுகிறார்கள், யாரும் தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் கிடையாது. லீட் பண்ணாத வாரங்களில் மூன்றில் ஒன்று சும்மா பின்னால் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டு வர வேண்டும் என்பதும் அதில் சேர்த்தி.

அந்தப் பெண்ணிடம் பேசியதை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். லீடர் அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்கத் தயாராக இருந்தார். எனக்கு அப்பாடா என்று இருந்தது, உடனே நம்பரைக் கொடுத்துப் பேசச் சொல்லியிருப்பேன். எங்கள் பொருளாளர் அக்காதான் தடுத்தார், ‘அவளுக்குப் பேச இஷ்டமான்னு மொதல்ல கேளுங்க’ என்று. கேட்டேன். வேண்டாம், எழுதிக் கொடுக்கட்டும், படிக்கிறேன் என்றார். நாம் பல நேரம் சமாதானம் பண்ணிவைப்பதாக நினைத்துக்கொண்டு, காயப்பட்டவரை இன்னொரு முறை உட்கார வைத்துச் சங்கடப்படுத்துகிறோம். கை குலுக்க வைத்து போட்டோ எடுத்தால் நமக்கு நிம்மதி, அவருக்கு என்ன? அவர் கேட்டது வேறு. ‘பங்க்சர் ஆனது எனக்குப் பெரிசே இல்லை சார். ரோட்டுல பங்க்சர் ஆகத்தான் செய்யும். இருபத்தாறு பேர்ல ஒருத்தர் குறையுதுன்னு யாருக்கும் தெரியலையே, அதுதான்.’

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த ஞாயிறிலிருந்து எண்ண ஆரம்பித்தோம். கிளம்பும்போது, மாமல்லபுரத்தில், திரும்பி வந்தபின், மூன்று முறை. நடுவில் பிரிந்து போகிறவர் லீடரிடமோ ஸ்வீப்பிடமோ நேரில் சொல்ல வேண்டும், ஸ்வீப் போக வேண்டியிருந்தால் இன்னொருவர் ‘நான் வாங்கிக்கொண்டேன்’ என்று சொன்னபிறகுதான் போகலாம். எண்ணிக்கை சரியாகும்வரை போட்டோ கிடையாது. லீடர், ஸ்வீப் இரண்டு பேரும் போனைச் சட்டைப் பையில் போடாமல் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொள்கிறார்கள். கூட்டத்தையும் வேகத்தை வைத்து மூன்றாகப் பிரித்தோம். சராசரி 32-ல் போகிறவர் 90 கிலோமீட்டரை மூன்று மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார், 22-ல் போகிறவருக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒன்றேகால் மணி நேர வித்தியாசத்தை நல்ல மனசு வைத்து ஒட்டவைக்க முடியாது. ஒன்று வேகமானவர் முணுமுணுத்துக்கொண்டே பிரேக் பிடிப்பார், இல்லை மெதுவானவர் மூச்சு வாங்க ஓட்டி வெயிலில் சுருண்டு விழுவார். மெதுவாகப் போகிற குழுவுக்குப் பெயர் வைப்பதில்கூட ஒரு சின்னச் சண்டை நடந்தது, ‘ஸ்லோ குரூப்’ என்ற பெயர் வேண்டாம் என்று பலர் சொன்னார்கள். இப்போது 22 குழு, 28 குழு, 32 குழு என்று எண்ணிலேயே அழைக்கிறோம்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை பங்க்சர் பார்க்கச் சொல்லித்தருகிறோம். லீடர்தான் சொல்லித்தருகிறார்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். அந்தச் சம்பவத்துக்குச் சில மாதம் கழித்து, புது ஜெர்சிக்கு அளவு கேட்பதற்காகப் பழைய உறுப்பினர் ஒருவருக்குப் போன் பண்ணினேன். முந்தின வருடம் அக்கரை பக்கம் நாய் குறுக்கே வந்து விழுந்தவர், காறை எலும்பு முறிவு. விழுந்த அன்று எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. 108-ஐக் கூப்பிட்டோம், இரண்டு பேர் கூடவே போனார்கள். ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது, சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை அந்தத் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் இலவசம் என்பது எங்களில் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. முதல் வாரம் ஆப்பிளும் ஆரஞ்சுமாக நாங்கள் பதினைந்து பேர் அவர் வீட்டுக்குப் போய் வந்தோம். மூன்றாவது வாரத்திலிருந்து ஒருவரும் போகவில்லை, ஒருவரும் கூப்பிடவில்லை. எலும்பு ஒட்டிவிட்டது, ஆனால் சைக்கிளில் ஏறினால் கை நடுங்குகிறது, இத்தனை வயசில் பயமாக இருக்கிறது என்று யாரிடம் சொல்வது என்று வீட்டிலேயே இருந்திருக்கிறார். நான் ‘மீடியமா லார்ஜா அண்ணா’ என்று கேட்டதும் அவர் பேச்சு நின்றுவிட்டது. அழுகிறார் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. ‘என்னையும் கணக்குல வெச்சிருக்கீங்களா’ என்றார்.

அன்று ராத்திரி பழைய வருகைப் பட்டியலை எடுத்து உட்கார்ந்தேன். ஒரு காலத்தில் வாரா வாரம் வந்து, இப்போது வராதவர்கள் பதினெட்டு பேர். அதில் சண்டை போட்டுப் போனவர்கள் நாலே பேர். மற்றவர்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை, சும்மா நின்றுவிட்டார்கள். வேலை போனவர் இருந்தார், பிரசவம் முடிந்தவர் இருந்தார், மனைவியை இழந்தவர் இருந்தார். நாங்கள் எப்போதும் சத்தம் போடுகிறவர்களைப் பற்றியே கமிட்டியில் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

எங்கள் உறுப்பினர் ஒருவர் சில வருடம் இங்கிலாந்தில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் சைக்கிள் கிளப்களில் வெல்ஃபேர் ஆபீசர் என்றே ஒருவர் உண்டு, அவர் பெயரும் நம்பரும் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கும் என்று சொன்னார். நாங்கள் அந்த யோசனையை எடுத்துக்கொண்டோம். எங்களிடம் இரண்டு பேர், ஒரு ஆண், ஒரு பெண், இருவரும் கமிட்டியில் இல்லாதவர்கள். கமிட்டி மேலேயே புகார் இருந்தால் எங்கே போவது என்பதற்காக. வழக்கமாக வருகிற ஒருவர் தொடர்ந்து மூன்று ஞாயிறு வராவிட்டால் இவர்களில் ஒருவர் போன் பண்ணுவார். ‘ஏன் வரலை’ என்று கேட்கக் கூடாது, அது அட்டெண்டன்ஸ் மாதிரி ஆகிவிடும். ‘எப்படி இருக்கீங்க’ என்றுதான். வர முடியாவிட்டால் பரவாயில்லை, மாமல்லபுரத்துக்குக் காரில் வந்து எங்களோடு டீ குடித்துவிட்டுப் போங்கள் என்று சொல்வோம், அப்படி வருகிறவர்களும் இருக்கிறார்கள். காறை எலும்பு அண்ணன் நாலு மாதம் அப்படித்தான் வந்தார். இப்போது 22 குழுவில் வருகிறார், பாதி தூரம்.

பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குத் தனி விதி: பெற்றோர் கையெழுத்து, பெரியவர்கள் யாரும் அவர்களுக்குத் தனியாக மெசேஜ் அனுப்பக் கூடாது.

இந்த ஏற்பாடு இல்லாமல் இருந்திருந்தால் போன வருடம் வந்த ஒரு புகாரை நாங்கள் கெடுத்திருப்போம். ஒரு மூத்த உறுப்பினர் புதிதாக வந்த ஒரு பெண்ணுக்கு ராத்திரியில் அனுப்பிய மெசேஜ்கள். விவரம் எழுத மாட்டேன். பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டம் வேலை செய்யும் இடங்களை நினைத்து எழுதப்பட்டது. கிளப் உறுப்பினர்களுக்குள் நடப்பதற்கு அது அப்படியே பொருந்துமா என்று விவாதித்துக்கொண்டு உட்காராமல், அதில் சொல்லியிருக்கும் முறையை எடுத்துக்கொண்டோம். விசாரிக்கும் குழுவுக்குப் பெண் தலைமை, குழுவில் குறைந்தது பாதிப் பெண்கள், புகார் சொன்னவர் பெயர் வெளியே போகாது, இரண்டு பக்கமும் கேட்ட பிறகுதான் முடிவு. விசாரணை முடியும்வரை அந்த மூத்த உறுப்பினரை ரைடுக்கு வர வேண்டாம் என்றோம். எங்கள் பைலாவில் உறுப்பினரை நீக்கலாம் என்று இருந்ததே தவிர, நீக்கும் முன் அவரைக் கேட்க வேண்டும் என்று இல்லை. கேட்டோம். அப்புறம் நீக்கினோம். ‘அவர் எவ்வளவு செய்திருக்கிறார் கிளப்புக்கு’ என்று என்னிடம் வருத்தப்பட்டவர்கள் உண்டு. செய்திருக்கிறார், உண்மைதான். அதற்காக ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமை காலையில் வயிற்றைக் கலக்கிக்கொண்டு வந்து நிற்க வேண்டுமா? இந்த ஒரு விஷயத்தில் எனக்கு இரண்டு மனசே இல்லை. மற்ற உறுப்பினர்களிடம் முடிவை மட்டும் சொன்னோம், காரணத்தைச் சொல்லவில்லை, வதந்தி கொஞ்ச நாள் ஓடியது, தாங்கிக்கொண்டோம். அந்தப் பெண்ணிடம் யார் எப்படி இருக்கிறாய் என்று கேட்பது என்பதையும் அவரே தேர்ந்தெடுத்தார்.

குரூப்பில் இன்னும் சண்டை வருகிறது. வந்தால் இப்போது ஒரே ஒரு பழக்கம்: ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் யாரும் பதில் எழுதுவதில்லை, மறுநாள் போன், முடிந்தால் நேரில். பேசி முடித்ததை இரண்டு வரியில் தேதி போட்டு நோட்டில் எழுதிவைக்கிறோம், ஆறு மாதம் கழித்து ‘அப்படிச் சொல்லவே இல்லையே’ என்று வராமல் இருக்க.

இந்த வாரம் ஓடிக்கொண்டிருப்பது கிளம்பும் நேரம். சித்திரை வெயில் வருகிறது, எட்டு மணிக்கே ரோடு கொதிக்கும், 22 குழு ஒன்பதரைக்குத்தான் திரும்பும், அதனால் 4:30-க்குக் கிளம்பலாம் என்று ஒரு பக்கம். போன மே மாதம் ஒருவர் உத்தண்டி டோல்கேட் பக்கத்தில் வியர்வையே நின்று, பேச்சு குழற உட்கார்ந்துவிட்டார், நிழலில் படுக்க வைத்துத் தண்ணீரை மேலே ஊற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அதைப் பார்த்தவர்கள் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார்கள், அவர்கள் சொல்வதும் சரி. இன்னொரு பக்கம், மேடவாக்கத்திலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் தனியாகச் சைக்கிளில் வரும் பெண்கள் மூன்றரை மணிக்கு வீட்டை விட்டு இறங்க வேண்டும், அந்த நேரத்தில் அந்த ரோடு எப்படி இருக்கும் என்று கேட்கிறார்கள். இரண்டும் உயிர் பயம், ஓட்டுப் போட்டு எண்ணிக்கையில் முடிக்கிற விஷயமாக எனக்குத் தெரியவில்லை. நேரத்தை மாற்றாமல், ஏப்ரல், மே இரண்டு மாதமும் முட்டுக்காடு பாலத்தோடு திரும்பிவிடலாம் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன், தூரம் பாதியாகிவிடும். 32 குழுவுக்கு அது பிடிக்காது, லீடர் அண்ணனே ஏற்கனவே போனில் சொல்லிவிட்டார்.

கூட்டம் சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, அதே டீக்கடையில். இந்த மாதப் பட்டியலில் மூன்று ஞாயிறு வராதவர்கள் நாலு பேர், அவர்களையும் கூப்பிட்டிருக்கிறோம். இரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.